முரளி வந்து போன மைதானங்கள்: வன்னியில் கடினபந்து ஏன் இன்னும் எட்டாக்கனி?

மாலை நான்கரை மணிக்குப் பிறகு ஏ9 வீதியால் பயணம் செய்பவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. ஓமந்தையிலிருந்து பரந்தன் வரை, வீதியோரத்தில் வெட்டவெளி ஒன்று கிடைத்தால் போதும், அங்கே துடுப்பாட்டம் நடந்துகொண்டிருக்கும். விக்கெட்டுக்குப் பதில் தடிகள். காலில் செருப்புக்கூட இல்லாத களத்தடுப்பாளர்கள். அருகில் மேயும் மாடுகள்தான் பார்வையாளர்கள். விளையாடுபவர்களின் ஆர்வத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பந்து மட்டும் அநேகமாக எப்போதும் மென்பந்து.

இது சின்ன விடயம் போலத் தெரியும். ஆனால் வன்னியின் விளையாட்டு நிலைமையை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. உலக டெஸ்ட் துடுப்பாட்ட வரலாற்றில் அதிக விக்கெட்டுகளை வீழ்த்தியவர் இலங்கையைச் சேர்ந்த ஒரு தமிழர். ஓய்வுக்குப் பிறகு அவர் தன் பெயரிலான ஒரு போட்டியை வன்னிக்கே கொண்டு வந்தார். அதன் பிறகும், இந்தக் கட்டுரை எழுதப்படும் வரை, வன்னிப் பாடசாலை ஒன்றில் படித்த எவரும் இலங்கை டெஸ்ட் அணியின் தொப்பியை அணியவில்லை. ஏன்?

2012 இல் முத்தையா முரளிதரன் பெயரிலான கிண்ணப் போட்டி முதன்முறையாக வடக்கில் நடந்தபோது நான் ஊடகக் கற்கை மாணவன். கிளிநொச்சியில் ஓர் ஆட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். யார் வென்றார்கள் என்பது இப்போது நினைவில் இல்லை. எல்லைக்கோட்டைத் தாண்டி வந்த பந்தை எடுத்த பத்து வயதுச் சிறுவன் ஒருவனை மட்டும் நினைவிருக்கிறது. உடனே எறியாமல், அதைக் கையில் ஏந்தி எடை பார்த்தான். தையலைப் பெருவிரலால் தடவினான். களத்தில் நின்றவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் திருப்பி எறிந்தான்.

அவன் வியந்ததில் நியாயம் இருக்கிறது. ஒரு டெனிஸ் பந்தின் எடை 60 கிராமுக்கும் குறைவு. கடினபந்தின் எடை ஏறக்குறைய 156 முதல் 163 கிராம் வரை. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அந்த வித்தியாசத்துக்குள்தான் இந்தக் கட்டுரையின் கேள்வியும் இருக்கிறது.

முரளியை உருவாக்கியவை எவை?

முரளியின் பாட்டனார் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். அவர் பின்னர் இந்தியா திரும்பினார்; மகன் முத்தையா இங்கேயே தங்கி, கண்டிக்கு அருகே குண்டசாலையில் பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றை நடத்தினார். முரளி பிறந்தது 1972 ஏப்ரல் 17 இல். அவருக்கு ஐந்து வயதாக இருந்தபோது, 1977 வன்முறைகளில் அந்தத் தொழிற்சாலை எரிக்கப்பட்டது. தந்தையும் தாக்கப்பட்டார். குடும்பம் மீண்டும் எழுந்தது.

கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் சிறு வயதிலேயே சேர்க்கப்பட்ட முரளி, அங்கு முதலில் வீசியது மிதவேகப் பந்து. பதினான்கு வயதளவில் அவரைச் சுழற்பந்துக்கு மாற்றியவர் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ. 1991 இல் சிறந்த பாடசாலைத் துடுப்பாட்ட வீரருக்கான விருது கிடைத்தது. பிறகு கொழும்பு தமிழ் யூனியன் கழகம். 1992 ஓகஸ்ட் மாதம், அவுஸ்திரேலியாவுக்கு எதிராக கெத்தாராமவில் முதல் டெஸ்ட்.

பிறகு நடந்தவை உலகம் அறிந்தவை. 1996 உலகக் கிண்ணம். 1998 இல் லண்டன் ஓவல் மைதானத்தில் ஒரே டெஸ்டில் 220 ஓட்டங்களுக்கு 16 விக்கெட்டுகள். 2010 ஜூலையில் காலியில் இந்தியாவுக்கு எதிராகத் தன் கடைசி டெஸ்டில் களமிறங்கியபோது 800 ஐத் தொட அவருக்கு எட்டு விக்கெட்டுகள் தேவைப்பட்டன. கடைசியாக வீழ்ந்தவர் பிரக்யான் ஓஜா. பிடி எடுத்தவர் மஹேல ஜயவர்தன. 133 டெஸ்ட்களில் 800, ஒருநாள் ஆட்டங்களில் 534.

இடையில் அவர் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். 1995 டிசெம்பர் 26 இல் மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயார் அவர் பந்தை எறிகிறார் என்று ஏழு தடவைகள் முறையற்ற பந்து என அறிவித்தார். முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுமையாக நிமிராதது. வளைந்த கையும் சுழலும் மணிக்கட்டும் சேரும்போது, எறிவது போன்ற தோற்றம் கண்ணுக்குத் தெரியும் என்று ஆய்வுகூடப் பரிசோதனைகள் சொல்லின. ஆனாலும் 1999 இல் அடிலெய்டில் மீண்டும் அதே குற்றச்சாட்டு. அன்று அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று ஆட்டத்தையே நிறுத்தினார்.

2004 இல் அவருடைய 'தூஸ்ரா' பந்து பரிசோதிக்கப்பட்டபோது விவகாரம் வேறு திசையில் போனது. அப்போதைய விதிப்படி சுழற்பந்து வீச்சாளர் முழங்கையை ஐந்து பாகைக்கு மேல் நிமிர்த்த முடியாது. ஆனால் அதிவேக ஒளிப்படக் கருவிகளால் மற்ற வீச்சாளர்களையும் அளந்து பார்த்தபோது, 'சுத்தமான' பந்துவீச்சு என்று கருதப்பட்ட பலரும் அந்த எல்லையைத் தாண்டுவது தெரியவந்தது. வெறுங்கண்ணால் அதைப் பிடிக்க முடியாது. எனவே 2005 மார்ச்சிலிருந்து எல்லோருக்கும் 15 பாகை என்ற பொது எல்லையை சர்வதேச கிரிக்கெட் பேரவை கொண்டு வந்தது.

இந்தக் கதையில் திறமைக்கு அப்பால் ஐந்து விடயங்கள் இருக்கின்றன. ஒழுங்காக ஆட்டம் நடக்கும் பாடசாலை. பதினான்கு வயதில் கையைப் பார்த்து 'நீ சுழற்பந்து போடு' என்று சொல்லத் தெரிந்த பயிற்றுவிப்பாளர். பாடசாலைக்குப் பிறகு ஏற்றுக்கொள்ள ஒரு கழகம். செலவைத் தாங்கக்கூடிய குடும்பம். சிக்கல் வரும்போது விட்டுக்கொடுக்காமல் நிற்கும் ஆட்கள். இவற்றில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் 800 என்ற எண் நமக்குத் தெரிந்திருக்காது.

சீனிகமவிலிருந்து வன்னிக்கு

முரளியின் சமூகப் பணி தொடங்கிய இடம் தெற்கில், ஹிக்கடுவைக்கு அருகேயுள்ள சீனிகம கிராமம். அவருடைய முகாமையாளராக இருந்த குஷில் குணசேகர 1999 இல் அங்கு ஆரம்பித்த 'நற்குண அறக்கட்டளை' என்ற அமைப்பின் அறங்காவலர்களில் முரளியும் ஒருவர். 2004 டிசெம்பர் 26 அன்று அவர் சீனிகமவுக்குப் போய்க்கொண்டிருந்தார். சற்றுப் பிந்தியதால் ஆழிப்பேரலையிலிருந்து தப்பினார். அந்தக் கிராமத்தை மீளக் கட்டும் வேலையில் வீடுகளோடு மைதானம், பயிற்சி வசதி, கல்வி வகுப்புகள், மருத்துவ சேவை எல்லாம் ஒரே இடத்தில் இயங்கும் ஒரு முறை உருவானது. இங்கிலாந்தின் மெரிலிபோன் கிரிக்கெட் கழகமும் அதற்குக் கைகொடுத்தது.

போர் முடிந்த பின் அந்த மாதிரியை வடக்குக்கும் கொண்டு வருவதே அவர்களின் எண்ணமாக இருந்தது. 2012 இல் தொடங்கிய முரளி கிண்ணம் அதன் முதல் பெரிய அடையாளம். இருபது ஓவர் ஆட்டங்கள். கிளிநொச்சி, மாங்குளம், யாழ்ப்பாணம் உட்பட வடக்கின் மைதானங்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த இளைஞர் அணிகள். பெண்கள் அணிகளும் உண்டு. தெற்கிலிருந்து வந்தவர்களும் வடக்கைச் சேர்ந்தவர்களும் சில நாட்கள் ஒன்றாகப் பழகுவது போட்டியின் நோக்கங்களில் ஒன்று. 2013 நவம்பரில் இங்கிலாந்தின் முன்னாள் நட்சத்திரம் இயன் பொத்தம் வடக்கிலிருந்து சீனிகம வரை நடந்து இந்த வேலைகளுக்கு நிதி திரட்டினார்.

மாங்குளத்தைத் தேர்ந்ததில் பொருள் இருந்தது. ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவுக்குப் பிரியும் சந்தி அது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்று மாவட்டப் பிள்ளைகளும் ஓரளவு சமதூரத்தில் வந்து சேரக்கூடிய இடம்.

ஆனால் காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டதும் அதே 2012 இல்தான். அங்கிருந்து கடைசியாக வெளியேற்றப்பட்டவர்களில் கேப்பாப்புலவு மக்களும் இருந்தார்கள். அவர்களின் ஊர் இராணுவத்திடம் இருந்ததால், சொந்தக் காணிக்கல்ல, சீனியாமோட்டைக் காட்டுப்பகுதிக்கே அனுப்பப்பட்டார்கள். 2009 இல் பத்து வயதாக இருந்த ஒரு வன்னிப் பிள்ளை, மட்டையை ஒழுங்காகப் பிடிக்கப் பழகவேண்டிய வயதில், பதுங்குகுழியிலும் கூடாரத்திலும் இருந்தது. அதே வயதில் கண்டியிலோ காலியிலோ ஒரு பிள்ளை பாடசாலை அணியில் இடம்பிடித்திருக்கும். முரளி கிண்ணத்தில் இவர்கள் எதிரெதிரே நின்றபோது, ஆட்டம் நாணயச் சுழற்சிக்கு முன்பே சமமற்றதாக இருந்தது. இது ஏற்பாட்டாளர்களின் குற்றமல்ல. ஆனால் இதைச் சொல்லாமல் 'வடக்கில் திறமை இல்லை' என்று முடிவுக்கு வருவது தவறு.

நெருடலையும் மறைக்க வேண்டாம்

முரளியைப் பற்றி வன்னியில் எழுதும்போது அரசியலைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. 2013 இல் பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரூன் வடக்குக்கு வந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளைக் கண்டபோது, அவர் தவறாக வழிநடத்தப்பட்டிருக்கலாம் என்றும் வடக்கில் முன்னேற்றத்தைத் தான் பார்ப்பதாகவும் முரளி கூறினார். படங்களோடு வீதியில் நின்ற தாய்மாருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? 2019 இல் கோட்டாபய ராஜபக்சவுக்கு ஆதரவான மேடையில், 2009 குறித்து அவர் பேசியது இன்னும் ஆழமாகப் புண்படுத்தியது. அவரது வாழ்க்கையை வைத்து எடுக்கப்பட்ட '800' திரைப்படத்திலிருந்து 2020 இல் விஜய் சேதுபதி விலகியது இந்தக் கோபத்தின் விளைவுதான். போர் முடிந்து உயிரிழப்புகள் நின்றதையே தான் குறிப்பிட்டதாகவும், அப்பாவிகள் கொல்லப்பட்டதை ஒருபோதும் ஆதரிக்கவில்லை என்றும் முரளி அப்போது விளக்கம் வெளியிட்டார். படம் வேறொரு நடிகருடன் 2023 ஒக்டோபரில் வெளியானது.

இந்த விளக்கத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் முடிவு. என் பார்வையில், தொழிற்சாலை எரிந்ததைப் பார்த்த மலையகப் பிள்ளையின் அனுபவமும் முள்ளிவாய்க்காலில் இருந்து வந்தவரின் அனுபவமும் ஒன்றல்ல. முரளி தன் அனுபவத்தை வைத்து எங்கள் அனுபவத்தையும் அளந்தார் என்பதே என் விமர்சனம். ஆனால் அந்த விமர்சனம், அவர் கொண்டுவந்த போட்டியால் ஒரு சிறுவன் முதன்முறையாகக் கடினபந்தைத் தொட்டான் என்ற உண்மையை அழித்துவிடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்லலாம். சொல்லவும் வேண்டும்.

மென்பந்துக்கும் கடினபந்துக்கும் இடையில்

இனி முதல் கேள்விக்கு வருவோம். மென்பந்து விளையாட ஒரு மட்டையும் ஒரு பந்தும் போதும். நிலம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. கடினபந்து அப்படியல்ல. காற்காப்பு, கையுறை, தலைக்கவசம், இடுப்புக் காப்பு இல்லாமல் பிள்ளையை நிறுத்துவது ஆபத்து. நல்ல மட்டை ஒன்றின் விலை கூலித் தொழிலாளி ஒருவரின் பல நாள் சம்பளம். பந்தும் தேய்ந்து போகும். மீண்டும் மீண்டும் வாங்க வேண்டும்.

அடுத்தது ஆடுகளம். கடினபந்து கரடுமுரடான நிலத்தில் எப்படி எழும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. புல் ஆடுகளம் என்றால் பொருத்தமான களிமண், உருளை, நாளாந்தம் தண்ணீர், அதைப் பராமரிக்கச் சம்பளத்துக்கு ஓர் ஆள். வருடத்தின் பெரும்பகுதி காய்ந்து கிடந்து, ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை வெள்ளத்தில் நிற்கும் வன்னி நிலத்தில் இது இலேசான வேலையல்ல. மலிவான மாற்று, சீமெந்துத் தளத்தின் மேல் விரிக்கும் பாய். ஆனால் அந்தத் தளத்தையும் யாராவது போட்டுத்தர வேண்டும். பாயைப் பூட்டி வைக்க ஓர் அறையும் வேண்டும்.

மென்பந்தில் வளர்ந்தவர் கடினபந்துக்கு மாறுவதும் எளிதல்ல. மென்பந்தில் எழும்பி வரும் பந்தைப் பயமின்றிக் குறுக்கே அடிக்கலாம். கடினபந்தில் தையலும் பாரமும் பந்தை வேறுவிதமாக நகர்த்தும். கால் நகர்வும் நேரான மட்டையும் இல்லாவிட்டால் விக்கெட் போகும், இல்லையேல் விரல் போகும். சுழற்பந்து வீச்சாளருக்கு அந்தத் தையல்தான் கருவி. தையலே இல்லாத பந்தில் பத்து வருடம் வீசியவருக்கு விரல்கள் அந்தப் பாடத்தைக் கற்றிருக்காது. பதினெட்டு வயதில் தொடங்கினால் தாமதம்.

யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். யாழ் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான 'வடக்கின் பெரும் சமர்' 1904 இல் தொடங்கியது. அதே மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 இல் டோக்கியோவில் உயரம் பாய்தலில் வென்றதுதான் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம். அதே கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2024 மே மாதம் ஐ.பி.எல். போட்டியில் சன்ரைசர்ஸ் ஐதராபாத் அணிக்காகப் பந்துவீசினார். அந்த அணியின் சுழற்பந்துப் பயிற்றுவிப்பாளர் முரளிதான். யாழ்ப்பாணமும் போரால் சிதைந்தது. ஆனாலும் பழைய மாணவர் சங்கங்களும், மைதானமும், ஒவ்வொரு மார்ச்சிலும் வரும் அந்த ஆட்டத்தின் பழக்கமும் அங்கே எஞ்சியிருந்தன. வன்னியின் பெரும்பாலான பாடசாலைகளுக்கு அப்படி நூறாண்டு முதுசம் எதுவும் இல்லை.

எஞ்சியவற்றை ஊரில் எவரும் சொல்லுவார்கள். பின்தங்கிய பாடசாலைகளில் உடற்கல்வி ஆசிரியர் இல்லை, இருந்தாலும் நெடுநாள் நிற்பதில்லை. பின்னேரம் முழுவதும் ரியூசன். பயிற்சி முடிந்து வீடு போகக் கடைசி பஸ் போய்விட்டது. பெண்பிள்ளை என்றால் அந்தக் கடைசி பஸ் ஒரு தடையல்ல, ஒரு முற்றுப்புள்ளி. இவ்வளவுக்குப் பிறகும் முல்லைத்தீவின் கணேஷ் இந்துகாதேவி 2022 இல் பாகிஸ்தானில் குத்துச்சண்டையில் தங்கம் வென்றார். முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 2023 இல், 72 வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த முதியோர் தடகளப் போட்டியில் இரண்டு தங்கம் வென்று திரும்பினார். மண்ணில் ஓர்மம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நட்சத்திரம் எதைச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது?

ஒரு நட்சத்திரம் வந்தால் மைதானம் துப்புரவாகும். ஊடகம் வரும். நன்கொடையாளர் வருவார். பிள்ளைகளுக்கு ஆசை பிறக்கும். முரளி இவை எல்லாவற்றையும் செய்தார். வேறு எந்த இலங்கை வீரரும் வன்னிக்காக இந்தளவு மினக்கெட்டதாக நான் அறியவில்லை. ஆனால் சில நாள் போட்டி முடிந்து பஸ்கள் தெற்கே திரும்பிய பிறகு, செவ்வாய்க்கிழமை பின்னேரம் பயிற்சிக்கு யார் வருவார் என்ற கேள்விக்கு எந்த நட்சத்திரத்தாலும் பதில் சொல்ல முடியாது. அது பாடசாலையின் வேலை. வலயக் கல்வித் திணைக்களத்தின் வேலை. மாகாண சபை, இலங்கை கிரிக்கெட் நிறுவனம், புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் ஆகியோரின் வேலை.

2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேச மைதானம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நல்லது. ஆனால் அந்த மைதானத்தில் ஒருநாள் வன்னிப் பிள்ளை பந்துவீச வேண்டுமானால், இன்று தேவைப்படுவது கலரியும் மின்கோபுரங்களும் அல்ல. கோட்டத்துக்கு ஒரு சீமெந்துத் தளமும் ஒரு பாயும். பத்துப் பதினோரு வயதிலேயே கடினபந்து. பொதுவில் வைத்துப் பாவிக்கக்கூடிய உபகரணப் பை. வாரத்தில் இரண்டு நாள் தவறாமல் வரும், அதற்குச் சம்பளம் பெறும் பயிற்றுவிப்பாளர். பயிற்சி முடியும்வரை காத்து நிற்கும் ஒரு பஸ். இவற்றின் செலவு ஒரு பெரிய அரங்கின் செலவோடு ஒப்பிடவே முடியாதளவு சிறியது. ஆனால் திறப்பு விழாவில் வெட்ட நாடா இருக்காது. அதனால்தான் நடக்காமல் இருக்கிறது.

2012 இல் நான் பார்த்த அந்தச் சிறுவனுக்கு இப்போது இருபது வயதைத் தாண்டியிருக்கும். அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. பெயரைக் கேட்டு வைக்காதது என் தவறு. மின்னேறிய வீதியோரத்தில் இன்று மென்பந்து விளையாடும் இளைஞர்களில் அவனும் ஒருவனாக இருக்கலாம். அவனுக்குக் காலம் கடந்துவிட்டது. அவனுடைய தம்பிக்கு இன்னும் கடக்கவில்லை.